வராத அணிகளும் வந்த தங்கமும்

இந்தியக் கால்பந்தின் கதை – 6

1952 ஜூலை 15, ஹெல்சின்கி ஒலிம்பிக். யூகோஸ்லாவியா 10, இந்தியா 1. அந்த ஒரு கோலை அகமது கான் அடித்தபோது ஆட்டம் முடிய ஒரு நிமிடம்தான் பாக்கி. எதிரணியில் பிராங்கோ செபெச் மட்டுமே நான்கு கோல் போட்டிருந்தார்.

இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் முதலில் ஆட்டக்காரர்களின் காலைத்தான் பார்க்கிறார்கள். நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள், பின்லாந்தில் குளிர், அதனால் தோற்றோம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு இந்த விளக்கம் போதவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் லண்டனில் பதினொரு பேரில் எட்டுப் பேர் வெறுங்காலோடு இறங்கித்தான் பிரான்ஸை 89-வது நிமிடம் வரை 1–1 என்று கட்டிப்போட்டார்கள். கிடைத்த இரண்டு பெனால்டிகளையும் வீணாக்காமல் இருந்தால் ஜெயித்தே இருப்பார்கள். அதைச் சென்ற இதழில் பார்த்தோம்.

ஹெல்சின்கியில் வித்தியாசம் எதிரே நின்ற அணியில் இருந்தது. மேற்கு ஐரோப்பிய நாடுகளின் நல்ல ஆட்டக்காரர்கள் சம்பளத்துக்கு ஆடியதால் அன்று ஒலிம்பிக்குக்கு வர முடியவில்லை. கம்யூனிஸ்ட் நாடுகளில் சட்டப்படி தொழில்முறை ஆட்டக்காரரே கிடையாது. ஆகவே அவை தங்கள் முழு தேசிய அணியையே அனுப்பிவைத்தன. இந்தியாவைப் பந்தாடிய இதே யூகோஸ்லாவியா, அடுத்து சோவியத் யூனியனோடு 5–5 என்று டிரா செய்து, மறு ஆட்டத்தில் 3–1 என்று வென்று, இறுதி ஆட்டத்தில் ஹங்கேரியிடம் மட்டுமே தோற்றது. நம் ஆட்டக்காரர்களோ உள்ளூர்ப் போட்டிகளில் 70 நிமிடம் ஆடிப் பழகியவர்கள். 90 நிமிட ஆட்டத்தின் கடைசி 20 நிமிடம் அவர்களுக்கு அந்நிய தேசம். லண்டனில் பிரான்ஸின் வெற்றி கோல் 89-வது நிமிடத்தில் விழுந்ததை இதோடு சேர்த்துப் பாருங்கள். அந்தக் கடைசி இருபது நிமிடம் இந்த அத்தியாயம் முழுக்க நம்மைத் துரத்திக்கொண்டே வரும்.

ஊர் திரும்பியதும் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது. செய்ய வேண்டியதுதான். ஆனால் பூட்ஸ் போட்டதால் மட்டும் அடுத்த பத்தாண்டு வந்துவிடவில்லை. அது ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் கைவேலை.

சையது அப்துல் ரஹீம் 1909-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பி.ஏ. படித்துவிட்டுப் பள்ளிகளில் ஆசிரியராக இருந்தார். 1943-ல் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர். 1950-ல் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியின் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை அந்த அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றது. கல்கத்தாவுக்கு வெளியே கால்பந்தே கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் அப்போதுதான் தெற்கே திரும்பிப் பார்த்தார்கள்.

ரஹீம் ஊரில் நடத்திய போட்டிகளே விசித்திரமானவை. ஒன்றில் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு ஆளை ஏமாற்றி ஓடக் கூடாது. வந்ததும் தட்டிவிட வேண்டும். இன்னொன்றில் பழக்கப்படாத காலால் மட்டுமே ஆட வேண்டும். வலதுகாலால் ஆடுகிறவன் இடதுகாலைத்தான் பயன்படுத்தலாம். இந்திய ஆட்டத்தின் அழகு என்று எல்லோரும் கொண்டாடியதே அந்த ட்ரிப்ளிங்தான். அதைத் தடைசெய்து ஒரு டோர்னமென்ட் நடத்த எவ்வளவு துணிச்சல் வேண்டும்! பந்து காலில் தங்கும் ஒவ்வொரு நொடியும் எதிராளி தன் இடத்துக்குத் திரும்பக் கொடுக்கும் அவகாசம் என்பது அவர் கணக்கு.

அவரிடம் வளர்ந்த பையன்களில் ஒருவர் துளசிதாஸ் பலராம். செகந்தராபாத் அருகே அம்முகூடாவிலிருந்து ஹைதராபாத் மைதானத்துக்குப் பயிற்சிக்கு வந்துபோக வீட்டில் வசதி இல்லை. வாடகை சைக்கிளுக்கு ரஹீமே பணம் கொடுத்தார். அந்தப் பையன் இருபது வயதில் மெல்போர்ன் ஒலிம்பிக் அணியில் இருந்தான். அதே வட்டாரத்தில் வளர்ந்த இன்னொருவர் பீட்டர் தங்கராஜ். செகந்தராபாத் கிளப்புகளில் சென்டர் ஃபார்வர்டாக ஆடிக்கொண்டிருந்தவர், 1953-ல் ராணுவத்தில் சேர்ந்து மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டருக்கு ஆடினார். நீலகிரியில் வெல்லிங்டனில் இருக்கிறதே, அதே சென்டர்தான். அங்கே முன்வரிசையிலிருந்து கோல்கீப்பராக மாறினார். ஆறடிக்கு மேல் உயரம், நீண்ட கைகள். 1955-லும் 1958-லும் அந்த ரெஜிமென்டல் சென்டர் டூரண்ட் கோப்பையையே தூக்கியது. தமிழ்நாட்டுக் கால்பந்து என்றால் வியாசர்பாடியையும் சென்னை லீக்கையும் மட்டும் நினைத்துக்கொள்கிறோம். குன்னூர் பக்கத்து மலைச்சரிவில் பட்டாளத்துக்காரர்கள் ஆடிய ஆட்டத்துக்கும் அதில் பங்கு உண்டு.

ஹெல்சின்கிக்குப் பிறகான சில ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை நான்கும் ஆடிய நாற்கோணப் போட்டி 1952-ல் கொழும்பிலும் அடுத்தடுத்து ரங்கூன், கல்கத்தா, டாக்காவிலும் நடந்தது. நான்கிலும் கோப்பை இந்தியாவுக்கு. கொழும்பில் மட்டும் பாகிஸ்தானோடு பகிர்ந்துகொண்டது. நடுவில் 1954 மணிலா ஆசிய விளையாட்டில் முதல் சுற்றோடு வீடு திரும்பினார்கள்.

அடுத்தது மெல்போர்ன், 1956.

குலுக்கலில் இந்தியாவுக்கு விழுந்த முதல் எதிரி ஹங்கேரி. 1952 ஒலிம்பிக் சாம்பியன். 1953-ல் வெம்ப்ளியில் இங்கிலாந்தை 6–3 என்று சாய்த்த நாடு. அந்த ஆட்டம் நடந்திருந்தால் நான் இந்த அத்தியாயத்துக்கு வேறு தலைப்பு வைக்க வேண்டியிருக்கும். அக்டோபரில் புடாபெஸ்டில் புரட்சி வெடித்தது. நவம்பரில் சோவியத் டாங்கிகள் நுழைந்தன. ஹங்கேரி கால்பந்திலிருந்து விலகியது. இந்தியா ஓர் ஆட்டமும் ஆடாமல் காலிறுதிக்குப் போனது.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் மெல்போர்ன் நான்காம் இடத்தைப் பற்றி நம் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதும்போது, இந்த ஒரு வரி ஏனோ அச்சுக்கு வராமல் தப்பிவிடுகிறது. இந்தியக் கால்பந்தின் ஒவ்வொரு உச்சத்துக்குப் பக்கத்திலும் ஒரு காலி நாற்காலி கிடக்கிறது. 1950 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது மற்ற ஆசிய அணிகள் விலகியதால். 1951 டெல்லித் தங்கத்தின்போது தென்கொரியா போரில் இருந்தது. மெல்போர்னில் ஹங்கேரி இல்லை. ஜகார்த்தாவில் யார் இல்லை என்பதற்குக் கொஞ்சம் பொறுங்கள்.

காலி நாற்காலியால் வாசல்வரைதான் போகலாம். உள்ளே போய் ஆட வேண்டியது ஆட்டக்காரர்கள்.

டிசம்பர் 1 அன்று காலிறுதியில் எதிரே சொந்த மண்ணில் ஆடிய ஆஸ்திரேலியா. கோவா வம்சாவளியில் வந்த பம்பாய் வீரர் நெவில் டிசூசா 9, 33, 50-வது நிமிடங்களில் கோல் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் ஆசியர் ஒருவர் அடித்த முதல் ஹாட்ரிக். ‘கிட்டு’ என்று எல்லோரும் கூப்பிட்ட ஜே. கிருஷ்ணசாமி நான்காவதைப் போட, 4–2. பதினொரு நாள் கழித்து டிசம்பர் 12-ல் சிட்னியில் நட்பு ஆட்டம் ஒன்று நடந்தது. அதில் இந்தியா 7–1 என்று ஜெயித்தது. ஆஸ்திரேலியர்களுக்கு ஏதேனும் சந்தேகம் மிச்சமிருந்தால் அதோடு தீர்ந்திருக்கும்.

இந்திய அணியின் பயிற்சியாளராக இருந்த ரஹீம் இந்த முன்வரிசையை எப்படி நிறுத்தினார் என்பது சுவாரசியமானது. அன்று உலகம் முழுக்க வழக்கத்தில் இருந்த முறையில் பின்னால் மூன்று பேர். நடுவில் நிற்பவர் ஸ்டாப்பர். எதிரணியின் சென்டர் ஃபார்வர்டை நிழலாகத் தொடர்வதுதான் அவர் வேலை. அந்த சென்டர் ஃபார்வர்டு கோலை நோக்கி நிற்காமல் மைதானத்தின் நடுப்பகுதிக்கு இறங்கி வந்துவிட்டால் ஸ்டாப்பர் என்ன செய்வார்? பின்னாலேயே போனால் கோல் முன்னால் பெரிய ஓட்டை விழும். போகாமல் நின்றால் நடுவில் ஓர் ஆள் தடுப்பார் இல்லாமல் பந்தை வாங்கித் திரும்பி, யாருக்கு வேண்டுமானாலும் தள்ளுவான். வெம்ப்ளியில் இங்கிலாந்தை ஹங்கேரி குழப்பியது இப்படித்தான். ரஹீம் அந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டார். 1958 உலகக் கோப்பையில் பிரேசில் காட்டிய 4-2-4 அமைப்பை இந்தியா அதற்கு முன்பே ஆடியது என்று அவருடைய ஆட்டக்காரர்கள் பின்னாளில் சொல்வார்கள். அதில் சிஷ்யர்களின் பெருமிதமும் கொஞ்சம் கலந்திருக்கிறது. ஐடியா காற்றில் இருந்தது. அதை முதலில் பிடித்தவர்களில் ஒருவர் ஹைதராபாத் வாத்தியார் என்பதே போதுமான பெருமை.

டிசம்பர் 4, அரையிறுதி. எதிரே மறுபடியும் யூகோஸ்லாவியா. பாதி ஆட்டம் வரை 0–0. 52-வது நிமிடத்தில் டிசூசா கோல் அடித்தார். நான்கு ஆண்டுக்கு முன் பத்து கோல் போட்டவர்களை இந்தியா முந்திக்கொண்டு நின்றது. இரண்டு நிமிடம். 54-ல் பாபெச் சமன் செய்தார். 57, 65 என்று கோல்கள் விழுந்தன. 78-ல் நம் சலாம் தட்டிய பந்தே சொந்த வலைக்குள் போனது. 4–1. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3–0. ஒலிம்பிக் அரையிறுதிக்கு வந்த முதல் ஆசிய அணி என்ற பெயரோடு திரும்பினார்கள். மொத்தம் நான்கு கோலோடு டிசூசா அந்த ஒலிம்பிக்கின் அதிக கோல் அடித்தவர்கள் பட்டியலில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்.

1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் மறுபடியும் நான்காம் இடம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரி, பிரான்ஸ், பெரு இருந்த குழுவில் இந்தியா கடைசி. பட்டியலைப் பார்த்தால் தோல்வி. என் கணக்கில் மெல்போர்னைவிட ரோம் பெரிது. இந்த முறை ஹங்கேரி வந்திருந்தது. 2–1 என்றுதான் அவர்களால் ஜெயிக்க முடிந்தது. நம் கோல் பலராமுடையது. பிரான்ஸோடு பி.கே. பானர்ஜி கோல் போட்டு முன்னிலை பெற்றும், 82-வது நிமிடத்தில் சமன் ஆகி 1–1. அதே கடைசி இருபது நிமிடம்! பெருவிடம் 3–1. அன்றோடு இந்தியாவின் ஒலிம்பிக் கால்பந்து முடிந்தது. இன்றுவரை மறுபடி தகுதி பெறவில்லை.

அந்த ரோம் அணியில் ரஹீமின் மகன் சையது ஷாஹித் ஹக்கீமும் இடம்பெற்றிருந்தார். பின்னாளில் ஃபிஃபா நடுவராக உயர்ந்தவர்.

இனி ஜகார்த்தா.

1962 ஆகஸ்டில் நான்காவது ஆசிய விளையாட்டை நடத்த இந்தோனேசியா பெரும் ஏற்பாடு செய்திருந்தது. சோவியத் கடனில் கட்டிய செனாயன் மைதானத்தில் லட்சம் பேர் உட்காரலாம். புதிய நாடு, புதிய மைதானம், சுகர்னோவின் கொடி பறக்கும் காலம். ஆனால் இரண்டு நாடுகளுக்கு விசா தரவில்லை. ஒன்று இஸ்ரேல், அரபு நாடுகளைப் பகைக்க முடியாது. இன்னொன்று தைவான், பீகிங்கைப் பகைக்க முடியாது.

கால்பந்தில் இதன் அர்த்தத்தைப் பாருங்கள். 1954 மணிலாவிலும் 1958 டோக்கியோவிலும் தங்கம் வென்றது தைவான். ஹாங்காங் லீக்கில் ஆடிய வீரர்களைக் கொண்டு அமைத்த பலமான அணி. இரண்டு முறையும் இறுதியில் தோற்றது தென்கொரியா. இஸ்ரேல் 1956, 1960 ஆசியக் கோப்பைகள் இரண்டிலும் இரண்டாம் இடம் பெற்றிருந்தது. ஆக, நடப்புச் சாம்பியனும் இன்னொரு பெரிய அணியும் வாசலிலேயே தடுக்கப்பட்டன. காலி நாற்காலி இந்த முறை இரண்டு.

இதற்கு எதிராகக் குரல் எழுப்பியவர் ஓர் இந்தியர்! ஜி.டி. சோந்தி. லாகூர் அரசுக் கல்லூரியின் பழைய முதல்வர், ஆசிய விளையாட்டுச் சம்மேளனத்தை உருவாக்கியவர்களில் ஒருவர், சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி உறுப்பினர். உறுப்பு நாடுகள் இரண்டை வெளியே நிறுத்திவிட்டு இதை ஆசிய விளையாட்டு என்று அழைக்கக் கூடாது, பெயரை மாற்றுங்கள் என்றார். விதிப்படி அவர் பக்கம்தான் நியாயம். ஜகார்த்தா தெருவுக்கு அது தேசிய அவமானமாகப் பட்டது. செப்டம்பர் 3 அன்று ஒரு கூட்டம் இந்தியத் தூதரகத்துக்குள் புகுந்து அடித்து நொறுக்கியது. சோந்தி நாட்டைவிட்டுக் கிளம்பினார்.

இறுதி ஆட்டம் மறுநாள்.

இந்த முரணைத்தான் நம் கால்பந்து எழுத்தாளர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள். வராத அணிகளுக்காக ஓர் இந்திய அதிகாரி வாதாடினார். அவை வராததால் ஆதாயம் அடைந்தது இந்திய அணி. அந்த அதிகாரிக்காக வசவு வாங்கியதும் அதே அணி. ஆட்டக்காரர்களுக்கு இதில் எந்தப் பங்கும் கிடையாது.

அணி அங்கே வந்து சேர்ந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மொத்தம் பதினாறு பேர். கேப்டன் சுனி கோஸ்வாமி. பிற்பாடு ரஞ்சி டிராபியில் வங்காளத்துக்கே கேப்டனாக இருந்த அதே சுனி. ரயில்வேயின் பி.கே. பானர்ஜி, பலராம், தங்கராஜ், இரிஞ்ஞாலக்குடாக்காரர் சந்திரசேகர், கோவாவின் பிராங்கோ, பஞ்சாபின் ஜர்னைல் சிங், வங்காளத்தின் அருண் கோஷ். பட்டியலில் அருமைநாயகம், எத்திராஜ் என்ற பெயர்களும் உண்டு. பயிற்சியாளர் ரஹீம், உடம்புக்குள் நுரையீரல் புற்றுநோய்.

முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2–0 என்று தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4–1, ஜப்பானை 2–0 என்று வென்று அரையிறுதிக்கு வந்தார்கள். தாய்லாந்து ஆட்டத்தில் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டு ரத்தம் கொட்டியது. தையல் போட்டு ஜப்பான் ஆட்டத்தில் உட்காரவைத்தார்கள். ஜர்னைல் அந்தக் காலத்தில் ஆசியாவின் மிகச் சிறந்த ஸ்டாப்பர்களில் ஒருவர். ஆள் மேலே வந்து விழுந்தால் மலை சரிந்தது மாதிரி இருக்கும் என்று கல்கத்தாவில் சொல்வார்கள். தலையில் தையலோடு இருக்கிற தடுப்பாட்டக்காரனை என்ன செய்வது? பின்னால் நிறுத்தினால் உயரப் பந்துகளுக்கெல்லாம் அவன்தான் தலை கொடுக்க வேண்டும்.

ரஹீம் அவரை சென்டர் ஃபார்வர்டாக நிறுத்தினார்.

கேட்கப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ரஹீமின் ஞாபகத்தில் வேறொன்று இருந்தது: கல்லூரி நாட்களில் ஜர்னைல் முன்வரிசையில் ஆடியவர். தென்வியட்நாமுக்கு எதிரான அரையிறுதியில் ஜர்னைல் ஒரு கோல், சுனி இரண்டு. 3–2.

இறுதியில் மறுபடி தென்கொரியா. 1956, 1960 இரண்டு ஆசியக் கோப்பைகளையும் வென்றவர்கள்; சில நாளுக்கு முன்தான் நம்மைத் தோற்கடித்தவர்கள். முந்தைய ஆட்டங்களில் கோலைக் காத்தவர் பிரத்யுத் பர்மன். தங்கராஜ் காய்ச்சலில் படுத்திருந்தார். கொரியர்கள் உயரப் பந்துகளை கோல் முன் இறக்குவார்கள் என்று கணக்குப் போட்ட ரஹீம், தேறியும் தேறாமலும் இருந்த தங்கராஜை எழுப்பிக் கொண்டுவந்தார். தடுப்பில் திரிலோக் சிங். கால் விரல் நசுங்கியிருந்தது. ஆக இறுதி ஆட்டத்துக்கு இந்தியா இறக்கிய பதினொரு பேரில் ஒருவருக்குத் தலையில் தையல், ஒருவருக்கு விரலில் காயம், ஒருவர் காய்ச்சலிலிருந்து எழுந்து வந்தவர்.

முந்தைய இரவு யாருக்கும் தூக்கம் வரவில்லை. ரஹீம் சாப் தங்களைக் கூட்டிவைத்துப் பேசியதை பி.கே.வும் சுனியும் கடைசிவரை பேட்டிகளில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாளை எனக்கு நீங்கள் ஒரு பரிசு தர வேண்டும், தங்கத்தை ஜெயித்துக் கொடுங்கள் என்பதுதான் அதன் சாரம். நோயின் தீவிரம் அணியில் எத்தனை பேருக்குப் புரிந்திருந்தது என்று இன்று சொல்ல முடியாது.

மைதானத்துக்குப் போகும் பேருந்தில் தலைப்பாகையும் தாடியுமாக ஜர்னைலும் திரிலோக்கும் வெளியே தெரியாதபடி தரையில் உட்கார்ந்து வந்தார்களாம். இந்தியர் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும் முகங்கள் அவை. உள்ளே ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். இந்தியர் காலில் பந்து பட்டாலே ஊளைச் சத்தம். அதற்கு நடுவில் ஒரு சின்னக் கூட்டம் மட்டும் இந்தியாவுக்காகக் கத்திக்கொண்டிருந்தது. பாகிஸ்தான் ஹாக்கி அணி! அதே ஜகார்த்தாவில் ஹாக்கி இறுதியில் இந்தியாவைத் தோற்கடித்துத் தங்கம் வாங்கியவர்கள், வேலை முடிந்ததும் வந்து நம் பக்கம் உட்கார்ந்துவிட்டார்கள். எல்லையில் என்ன நடந்தாலும் வெளியூரில் ஒரே மொழி பேசுகிற பையன்கள்.

17-வது நிமிடத்தில் பி.கே. பானர்ஜி முதல் கோல். வலதுபுறம் அவருடைய கோட்டை. அந்தப் போட்டியில் ஏற்கெனவே தாய்லாந்துக்கும் ஜப்பானுக்கும் எதிராக மூன்று கோல் அடித்திருந்தார். மூன்று நிமிடம் கழித்து ஜர்னைல் இரண்டாவது. 20-வது நிமிடத்தில் 2–0. மைதானத்தில் சத்தம் அடங்கவில்லை, சுருதிதான் மாறியது.

இப்போது மிச்சம் 70 நிமிடம். உள்நாட்டில் ஒரு முழு ஆட்டத்தின் நேரம். லண்டனிலும் ரோமிலும் நம்மைக் கவிழ்த்த கடைசிக் கட்டம் இனிமேல்தான் வர வேண்டும். கொரியர்கள் விடாமல் ஏறினார்கள். உயரப் பந்துகள் வந்தன, தங்கராஜின் கைகள் எடுத்தன. அருண் கோஷும் விரல் நசுங்கிய திரிலோக்கும் முன்னால் நின்றார்கள். 85-வது நிமிடத்தில் சா டே-சுங் ஒரு கோலைத் திருப்பினார். லண்டனில் பிரான்ஸுக்கு எதிராகவும் ஆட்டம் இதே கட்டத்தில்தான் கைநழுவியது. இந்த முறை நழுவவில்லை. 2–1.

இந்தியாவின் இரண்டாவது ஆசிய விளையாட்டுத் தங்கம். இதுவரை அதுவே கடைசி.

சாம்பியன் வராத போட்டியில் வென்ற தங்கம் என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்தச் சாம்பியனிடம் இரண்டு இறுதிகளில் தோற்றது தென்கொரியா. ஆசியக் கோப்பையை இரண்டு முறை வென்றதும் தென்கொரியா. அவர்களை இந்தியா வென்றது தையல்களோடும் காய்ச்சலோடும் லட்சம் பேர் ஊளைக்கு நடுவிலும். இரண்டையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால் அது விளம்பரம் ஆகிவிடும், இல்லையென்றால் வயிற்றெரிச்சல் ஆகிவிடும்.

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இந்தோனேசியாவை இடைநீக்கம் செய்தது. சுகர்னோ பதிலுக்கு 1963 நவம்பரில் கானெஃபோ என்ற போட்டி விளையாட்டையே தொடங்கினார். அது தனிக் கதை.

ரஹீம் ஹைதராபாத் திரும்பினார். 1963 ஜூன் 11 அன்று இறந்தார், வயது 53. அதே ஆண்டு நெஞ்சு நோயால் பலராம் ஆட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. அப்போது அவருக்கு 27 வயதுகூட ஆகவில்லை. சுனியும் அதிக நாள் ஆடவில்லை. ரஹீம் எழுதிவைத்த பாடத்திட்டமோ அவர் முறையில் பயிற்சி தரும் நிலையமோ எதுவும் இல்லை. அவருடைய ட்ரிப்ளிங் இல்லாத டோர்னமென்டும் பழகாத கால் டோர்னமென்டும் ஹைதராபாத்திலேயே நின்றுபோயின. சம்மேளனம் அடுத்து ஒரு பயிற்சியாளரைத் தேடியது. ஹாரி ரைட் என்ற ஆங்கிலேயர் வந்தார். அவர் கைக்கு வந்தது முழுக்க ரஹீம் வளர்த்த ஆட்டக்காரர்கள்.

அந்த அணியின் அடுத்த பெரிய பயணம் 1964 மே மாதக் கடைசியில், ஆசியக் கோப்பைக்கு. போட்டியை நடத்தியது ஜகார்த்தாவில் விசா கிடைக்காத அதே இஸ்ரேல். அங்கே தென்கொரியாவை மறுபடியும் 2–0 என்று வென்றார்கள், ஹாங்காங்கை 3–1 என்று வென்றார்கள், இஸ்ரேலிடம் மட்டும் 2–0 என்று தோற்று இரண்டாம் இடம் பெற்றார்கள். அந்த மூன்று ஆட்டங்களையும் இந்தர் சிங் என்ற இளைஞரையும் அடுத்த இதழில் பார்ப்போம். தகுதிச் சுற்றைப் பற்றி எழுத அதிகம் இல்லை. நம் மண்டலத்தில் இருந்த மற்ற அணிகள் விலகிக்கொண்டன. இந்தியா நேரே விமானம் ஏறியது.

(தொடரும்)